வேகக் காரின் அகலத்தை அளந்து, அதைத் தீர்மானித்த தொழிற்சாலை எல்லையைக் கண்டறிவது எப்படி

திருகோணமலை மத்திய வீதியில் மாலை நேரத்தில் வரிசையாக நிற்கும் கார்களைப் பார்த்துக்கொண்டு போனால், ரொயோட்டா அக்சியோ, பிரீமியோ, விட்ஸ், அக்குவா என்ற நான்கும் எப்படியும் கண்ணில் படும். உருவத்திலும் விலையிலும் ஒன்றுக்கொன்று ஒட்டாத இந்த நான்கு கார்களின் அகலமும் 1695 மில்லிமீற்றர்தான். அவற்றுக்குப் பின்னால் நிற்கும் கே.டி.எச். ஹைஏஸ் வானும், அகன்ற உடல் கொண்ட வகையாக இல்லாவிட்டால், அதே 1695 தான். பக்கத்தில் ஒரு வாகன் ஆர் நின்றால் அதன் அகலம் 1475. அழகு பார்த்து வரைந்தவர்கள் தத்தம் விருப்பப்படி போட்ட எண்களாக இருந்தால் இவை இப்படி ஒத்துப்போயிருக்கமாட்டா. 1700 என்ற சுவருக்கும் 1480 என்ற சுவருக்கும் சரியாக 5 மில்லிமீற்றர் உள்ளே நின்றுகொண்ட எண்கள் இவை. அந்தச் சுவர்களைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

கோணேசர் கோயிலுக்கு வாகனத்தில் போகிறவர்கள் பிரட்ரிக் கோட்டையின் கல் வாசலுக்குள் நுழையும்போது மூச்சை ஒருதரம் அடக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே மான்கள் படுத்திருக்கும் மரநிழல் எவ்வளவு விசாலமானது என்பதும், வெளியே வீதி எவ்வளவு அகன்றது என்பதும் அந்த நேரத்தில் ஒரு பொருட்டல்ல. கோயில் வரை எந்த வாகனம் போகும் என்பதை அந்த ஒரு வாசலே முடிவு செய்கிறது. கார்த் தொழிற்சாலையிலும் தகடு அழுத்தும் அச்சு, பற்றவைக்கும் இடம், வர்ணத் தொட்டி, சூட்டறை, பொருத்து வரிசை என்று வாசல்கள் அடுத்தடுத்து உள்ளன. ஒரு காரின் அகலத்தை அவற்றுள் மிகக் குறுகிய வாசல் கட்டுப்படுத்துகிறது. வேகக் கார் என்பது பெரும்பாலும் சாதாரணக் காரொன்றின் உடலை அகட்டிச் செய்யப்படுவதால், இந்த நெருக்கடி அதில்தான் வெளிப்படையாகத் தெரியும். எந்த வாசல் இடித்தது, அதை எப்படிச் சுற்றிப் போனார்கள் என்பதைக் காரைப் பார்த்தே கண்டுபிடிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். பழைய யப்பான் கார் வாங்க நினைப்பவருக்கும் டிங்கரிங் வேலை செய்விப்பவருக்கும் இது கைகொடுக்கும்.

முதலில் சரியாக அளக்க வேண்டும்

கூரைக்கு மேலாகவோ பொனட்டுக்குக் குறுக்காகவோ ரேப்பை இழுத்து அளப்பது பயனற்றது. வளைவின் நீளத்தையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். மட்டமான சீமெந்துத் தரையில் காரை நிறுத்தி, சில்லுகளை நேராக்கிக்கொள்ளுங்கள். மேசன்மார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு ஒன்றை எடுத்து, முன் மட்கார்டின் மிக வெளியே தள்ளியிருக்கும் இடத்தை நூல் மெல்லத் தொடும்படி பிடித்து, குண்டு அசைவற்று நின்றதும் அதன் நுனிக்குக் கீழே தரையில் சோக்கினால் ஒரு புள்ளி வையுங்கள். மறுபக்கத்திலும் அவ்வாறே செய்யுங்கள். பிறகு முன்கதவின் நடுப்பகுதியிலும், பின் சில்லுக்கு மேலுள்ள வளைவிலும் இதையே திருப்பிச் செய்யுங்கள். காரைத் தள்ளி அப்பால் விட்டபின் தரையில் மூன்று சோடிப் புள்ளிகள் இருக்கும். அவற்றுக்கிடையிலான தூரங்களே உங்களுக்கு வேண்டிய மூன்று எண்கள்.

பக்கக் கண்ணாடிகளை இதில் சேர்க்கக் கூடாது. தயாரிப்பாளர்கள் வெளியிடும் அகலமும் கண்ணாடிகளை நீக்கிய அகலமே. கதவில் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டி பிற்காலத்தில் ஒட்டப்பட்டதாயின் அதன் தடிப்பைக் கழித்துவிடுங்கள். காற்று வீசும் வேளையில் குண்டு நிற்காது. கச்சான் காற்று அடிக்கும் பகல்களில் உப்புவெளிப் பக்கம் திறந்த வெளியில் இதை முயன்று நான் இரண்டு முறை தோற்றிருக்கிறேன். கராஜுக்குள் நிதானமாகச் செய்தால் இரண்டு அளவீடுகளுக்கிடையில் 3 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வராது.

அடுத்து, அதே காரின் சாதாரண வகைக்குரிய அகலத்தைத் தேடி எடுத்து, உங்கள் அளவிலிருந்து கழியுங்கள். நிசான் ஸ்கைலைன் ஆர் 32 தொடரின் சாதாரண வகை 1695, அதன் ஜி.டி.ஆர். 1755. சுபாரு இம்ப்ரெசாவின் முதல் தலைமுறை 1690. 1998 இல் வந்த அதன் 22 பி வகை 1770. மிட்சுபிசி லான்சர் எவலூஷனின் நான்காம் பதிப்பு 1690, ஐந்தாம் பதிப்பு 1770. பி.எம்.டபிள்யூவின் ஈ 30 தொடர் 1645. அதன் எம் 3 வகை 1680. யப்பானில் விற்கப்படும் சாதாரண யாரிஸ் 1695; ஜி.ஆர். யாரிஸ் 1805. கழித்து வரும் விடையை இரண்டால் வகுத்தால், ஒரு பக்கத்துக்கு எவ்வளவு தள்ளப்பட்டிருக்கிறது என்பது தெரியும். ஸ்கைலைனில் அது 30, இம்ப்ரெசாவில் 40, யாரிஸில் 55 மில்லிமீற்றர். இவ்வளவு சிறிய எண்களுக்காகவா இத்தனை பாடு என்று தோன்றலாம். 30 மில்லிமீற்றர் என்பது இரண்டு விரல் அகலம்தான். ஆனால் 205 அகல ரயர் போட்டிருந்த இடத்தில் 225 அகல ரயர் போடவும், அந்தச் சில்லைச் சற்று வெளியே தள்ளி வைக்கவும் அந்த இரண்டு விரல் போதும். ஆர் 32 இல் நடந்ததும் அதுதான்.

சட்டத்தின் சுவரை முதலில் நீக்குங்கள்

வித்தியாசத்தைக் கண்டவுடன் தொழிற்சாலையைக் காரணம் காட்டிவிடக் கூடாது. சில எண்கள் தொழிற்சாலைக்கு வெளியே இடப்பட்டவை. யப்பானில் 4.7 மீற்றர் நீளம், 1.7 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம், 2000 சி.சி. பெற்றோல் எஞ்சின் என்ற எல்லைகளுக்குள் அடங்கும் கார் சிறு வாகன வகுப்பில் சேர்கிறது. இவற்றுள் ஒன்றைத் தாண்டினாலும் அது பெரிய வகுப்புக்குப் போய்விடும். 1989 இல் வரிமுறை மாற்றப்படும் வரை பெரிய வகுப்புக் காருக்கான வருடாந்த வரி மிகக் கடுமையாக இருந்தது. அதனால் யப்பானியத் தொழிற்சாலைகளின் வரிசைகளும் அச்சுகளும் பல்லாண்டுகளாக 1700 ஐ மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டன. வரி தளர்ந்த பிறகும் பல வீட்டுக் கார்கள் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. நம் வீதிகளில் 1695 திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். வாகன் ஆர் போன்ற மிகச் சிறு கார்களுக்குத் தனி வகுப்பு உண்டு; அதன் அகல எல்லை 1998 முதல் 1480 மில்லிமீற்றர், எஞ்சின் எல்லை 660 சி.சி.

இந்தச் சுவரை வைத்து ஒரு நல்ல சோதனை செய்யலாம். ஆர் 32 ஜி.டி.ஆரின் எஞ்சின் 2568 சி.சி.; எஞ்சினாலேயே அது பெரிய வகுப்புக்குப் போய்விட்டது. ஆகவே 1755 க்கு அகட்டியதால் அதற்குப் புதிதாக எந்த வகுப்பு நட்டமும் இல்லை. லான்சர் எவலூஷனின் கதை வேறு. அதன் எஞ்சின் 1997 சி.சி.; நான்காம் பதிப்பு வரை 1700 க்குள் அடங்கி, சிறு வகுப்பிலேயே இருந்தது. 1998 தொடக்கத்தில் வந்த ஐந்தாம் பதிப்பு, அதே எஞ்சினை வைத்துக்கொண்டு, அகலத்தினால் மட்டும் வகுப்பு மாறியது. போட்டிக்கு வேண்டிய சில்லிடைவெளிக்காக, அதாவது இடது வலது சில்லுகளுக்கிடையிலான தூரத்துக்காக, ஒரு நிறுவனம் மனமறிந்து தாண்டிய கோடு அது. அந்த 80 மில்லிமீற்றரில் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

ஐக்கிய அமெரிக்காவில் சுவர் இன்னொரு இடத்தில் உள்ளது. அங்கே 80 அங்குலம், அதாவது 2032 மில்லிமீற்றர், அல்லது அதற்கு மேல் அகலமான வாகனம் தன் அகலத்தைக் காட்டும் விளக்குகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். போர்ட் எஃப் 150 பிக்கப் அந்த எல்லைக்குச் சற்று உள்ளே நிற்க, அகட்டிய ராப்டர் வகை எல்லையைத் தாண்டுகிறது. முன்பக்கத்தில் அதற்கு இருக்கும் சிறு செம்மஞ்சள் விளக்குகள் அலங்காரத்துக்கு வைக்கப்பட்டவை அல்ல.

பொருத்துகளைப் படிப்பது

இனி விரலால் தடவிப் பார்க்க வேண்டிய வேலை. காரின் முன் மட்கார்ட் போல்ட் போட்டுப் பூட்டப்படும் தனித் துண்டு. கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். ஆகவே முன்பக்கத்தை அகட்டுவது எந்தத் தொழிற்சாலைக்கும் பெரிய துன்பமல்ல: ஒரு சோடிப் புதிய மட்கார்ட், அதற்கேற்ற பம்பர், அவ்வளவுதான். பின்பக்கம் அப்படியல்ல. இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில், முன் கண்ணாடித் தூணிலிருந்து கதவுகளின் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு பின் சில்லு வளைவு வரை போகும் பக்கம் முழுவதும் ஒரே தகட்டில் அழுத்தி எடுக்கப்பட்டு, உடலோடு பற்றவைக்கப்படுகிறது. பின் வளைவை மட்டும் 30 மில்லிமீற்றர் வெளியே தள்ள வேண்டும் என்றாலும் அந்த முழுப் பக்கத்துக்குமே புதிய அச்சுத் தொகுதி வேண்டும்.

அச்சு என்பது எளிய பொருளன்று. வெளித் தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. தட்டையான தகட்டை இரும்பு அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்தும்போது, வீங்கி நிற்க வேண்டிய இடத்தில் அது இழுபட்டு மெலிகிறது. கூடுதலாக இழுத்தால் கிழியும், இழுப்புப் போதாவிட்டால் சுருக்கம் விழும். வீக்கம் கூர்மையாகவும் ஆழமாகவும் இருந்தால் ஒரே அழுத்தில் வராது. இரண்டு, மூன்று, நான்கு படிகளாக அழுத்த வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தனி அச்சு தேவை. நம்மூரில் ஒருவர் அலுமினியத் தட்டைத் தட்டித் தாச்சி செய்வதைப் பார்த்திருந்தால் இது சட்டென்று விளங்கும்: நடுவைக் குழிக்கக் குழிக்க விளிம்பு உள்ளே இழுபடும், அவசரப்பட்டால் அடி பிய்ந்துவிடும். கணக்குக்காக ஓர் அச்சுத் தொகுதியின் செலவு ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மைச் செலவு அதைவிடப் பல மடங்கு. நான்கு இலட்சம் கார்களுக்குப் பங்கிட்டால் காருக்கு 25 ரூபாய். 400 கார்களுக்குப் பங்கிட்டால் காருக்கு 25,000 ரூபாய். யப்பானில் 400 மட்டுமே விற்கப்பட்ட 22 பி போன்ற கார் ஏன் அரிதாகப் பிறக்கிறது என்பதை இந்த வகுத்தல் கணக்கே சொல்லிவிடும்.

இதற்குள் கதவுச் சிக்கல் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. நான்கு கதவுக் காரில் பின் வளைவு பெரும்பாலும் பின் கதவிலேயே தொடங்குகிறது. வளைவை அகட்டினால் கதவையும் மாற்ற வேண்டும். இரண்டு கதவுக் காரில் கதவுக்கும் பின் சில்லுக்கும் நடுவே போதிய தகடு இருப்பதால், வீக்கத்தை அங்கேயே தொடங்கி அங்கேயே முடிக்கலாம். ஈ 30 எம் 3, ஆர் 32 ஜி.டி.ஆர்., 22 பி ஆகிய மூன்றும் இரண்டு கதவுக் கார்களாக இருப்பதில் இந்த வசதிக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம். ஹொண்டா சிவிக் டைப் ஆரை அடுத்தடுத்த இரண்டு தலைமுறைகளில் வைத்துப் பார்த்தால் இது நன்கு புலப்படும். எஃப்.கே. 8 என்ற தலைமுறையில் ஐந்து கதவு உடலின் பின் வளைவுகளுக்கு மேலே தனித் துண்டுகளை ஒட்டி அகலம் காட்டினார்கள். துண்டின் விளிம்பு கதவின் மேலும் தொடர்வது கண்ணுக்குத் தெரியும். அதற்கடுத்த எஃப்.எல். 5 இல் பின் கதவையும் பக்கத் தகட்டையும் புதிதாகவே அழுத்தி எடுத்தார்கள். சாதாரண சிவிக் 1800, இது 1890. பார்வைக்கு முன்னையது மேக்கப் போட்டது போலவும், பின்னையது அப்படியே பிறந்தது போலவும் இருப்பதன் காரணம் வடிவமைப்பாளரின் கைத்திறன் மட்டுமல்ல. அச்சுக்கு யாரோ பணம் ஒதுக்கச் சம்மதித்தார்கள்.

ஆகவே காரின் பக்கத்தில் குந்தியிருந்து மூன்று இடங்களைப் பாருங்கள். பின் வளைவின் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு, அதாவது ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டு உட்கார்ந்த பொருத்து, தெரிகிறதா? கதவைத் திறந்தால் வீக்கம் கதவின் உள்மடிப்பு வரை தகட்டிலேயே தொடர்கிறதா? சில்லுக்கு உள்ளே கையை விட்டுத் தடவினால் வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் இடையில் வெற்றிடம் அகப்படுகிறதா? கோடு தெரிந்தால் அது ஒட்டிய துண்டு. கோடும் இல்லாமல், கதவின் மடிப்பும் மாறியிருந்தால் அது புதிய அச்சு. கோடு இல்லை, ஆனால் உள்ளே தகடு இரட்டையாக இருக்கிறது என்றால், பழைய தகட்டை வெட்டாமல் மேலே வேறொன்றை ஏற்றிப் பூசி மறைத்திருக்கிறார்கள். நம்மூரில் இதுவே அதிகம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு லான்சரை எவலூஷன் ஐந்து என்று சொல்லி எனக்குக் காட்டினார்கள். அளந்தேன், 1768 வந்தது. மனம் குளிர்ந்துபோனது. கூட வந்த டிங்கர் பாஸ் ஒன்றும் பேசாமல், துணி சுற்றிய சிறு காந்தமொன்றைப் பின் வளைவில் வைத்தார். அது வழுக்கிக் கீழே விழுந்தது. "தம்பி, இது தகடில்லை, பைபர்," என்றார். பொனட்டைத் திறந்து சேஸி இலக்கத்தைப் பார்த்தபோது, ஐந்தாம் பதிப்புக்குரிய சி.பி. 9 ஏ என்ற எழுத்துகள் அங்கே இல்லை. அகலம் சரியாக இருந்தது. அந்த அகலம் தொழிற்சாலையிலிருந்து வந்ததல்ல. அன்றிலிருந்து நான் காந்தமும் இலக்கமும் பார்த்த பிறகே தூக்குக்குண்டை எடுக்கிறேன். ஸ்கைலைன் என்றால், ஜி.டி.ஆர். இலக்கம் பி.என்.ஆர். 32 என்று தொடங்கும். சாதாரண டேர்போ வகை எச்.சி.ஆர். 32. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆர் 32 ஜி.டி.ஆரின் பொனட்டும் முன் மட்கார்டுகளும் அலுமினியம். அங்கே காந்தம் பிடிக்காதது நல்ல அறிகுறி. பின்பக்கத் தகட்டில் அது பிடித்தாக வேண்டும்.

வரிசையில் நுழையாத பென்ஸ்

அச்சுக்குப் பணம் கொடுத்து, தகடும் வந்து, உடலும் பற்றவைத்த பிறகும் கார் பிறந்துவிட்டதாகாது. பொருத்து வரிசை இருக்கிறது. நெரிசலான வரிசையொன்றில் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு கார் நகர்கிறது. உடல் ஒரு சட்டத்தின் மேல் அமர்ந்தோ, இரு பக்கமும் பிடிக்கும் கரங்களில் தொங்கியோ போகிறது. இரு பக்கமும் ரோபோக்களும், தூக்கிகளும், ஆட்கள் நிற்கும் மேடைகளும் ஓர் அகலத்தைக் கணக்கிட்டு நிலத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கணக்கு, அதிகமாக விற்கும் சாதாரணக் காரை வைத்துப் போடப்பட்டது.

மேர்சிடிஸ் பென்ஸ் 500 ஈ இந்த வாசலில் அகப்பட்ட காராகவே அறியப்படுகிறது. டபிள்யூ 124 என்ற நிதானமான நான்கு கதவுக் காருக்குள், எஸ்.எல். காரின் 5 லீற்றர் வி 8 எஞ்சினையும், அகன்ற சில்லிடைவெளியையும் வைத்தார்கள். சாதாரண 124 இன் அகலம் 1740. இதற்கு மட்கார்டுகளை வீங்க வைத்ததில் 1796 ஆனது. பக்கத்துக்கு 28 மில்லிமீற்றர். ஒரு கட்டைவிரல் அகலம். சின்டெல்ஃபிங்கன் ஆலையின் 124 வரிசையில் இந்தக் கார் நுழையவில்லை. வரிசையை இடித்து அகட்டினால், ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டிருக்கும் சாதாரணக் கார்கள் நிற்கும்; சில ஆயிரம் கார்களுக்காக அதைச் செய்ய எந்தக் கணக்கு ஏட்டிலும் இடமில்லை.

அதே காலத்தில், அதிக தூரமில்லாத ட்சுஃபென்ஹவுசனில் போர்ஷே நிறுவனம் விற்பனை சரிந்து, வேலைத்தளத்தில் இடமும் ஆட்களும் மிஞ்சி நின்றது. 500 ஈயின் உருவாக்க வேலையிலும் கைகொடுத்த போர்ஷேயிடமே பொருத்தும் வேலையும் ஒப்படைக்கப்பட்டது. பென்ஸ் ஆலையிலிருந்து உறுப்புகள் போர்ஷேக்குப் போகும். அங்கே உடல் பற்றவைக்கப்படும். உடல் வர்ணத்துக்காகச் சின்டெல்ஃபிங்கனுக்குத் திரும்பும். வர்ணம் பூசிய உடல் எஞ்சினையும் மற்றவற்றையும் பொருத்துவதற்காக மறுபடியும் ட்சுஃபென்ஹவுசனுக்கு வரும். முடிந்த கார் இறுதிப் பரிசோதனைக்குப் பென்ஸிடம் போகும். ஒரு காருக்கு இந்த அலைச்சல் 18 நாட்கள் எடுத்தது. 1990 முதல் 1995 வரை 10,479 கார்கள் இப்படி வந்தன. அந்த வேலை ஓய்ந்து வந்த காலத்தில், அதே கட்டடத்தில் ஆடியின் ஆர்.எஸ். 2 காரும் பொருத்தப்பட்டது.

இதில் வழிகாட்டிக்கு வேண்டிய பாடம் ஒன்றுண்டு. 56 மில்லிமீற்றர் கூடியதால் பென்ஸ் வெளியே போக நேர்ந்தது. ஆனால் டொட்ஜ் சலஞ்சரின் அகன்ற உடல் வகை 3.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 89 மில்லிமீற்றர் கூடியும், சாதாரண சலஞ்சர் பிறந்த அதே கனடா ஆலையிலேயே பிறந்தது. சலஞ்சரில் அந்த அகலம் வெளியே பூட்டிய வளைவுத் துண்டுகளில் இருக்கிறது. உலோக உடல் பழைய அளவை விட்டு விலகவில்லை. எனவே கூடிய அகலத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல், அந்த அகலம் உலோகத்தில் இருக்கிறதா துண்டில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உலோகத்தில் பெரிய வித்தியாசம் கண்டால், அடுத்ததாக, அந்தக் கார் எந்தக் கட்டடத்தில் பொருத்தப்பட்டது என்று தேடுங்கள். சில வேளைகளில் வேறொரு கூரைதான் விடையாக இருக்கும்.

வேறு கூரை என்ற வழியை ரொயோட்டா வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது. ஜி.ஆர். யாரிஸுக்காக மொத்தோமாச்சி ஆலைக்குள் ஜி.ஆர். தொழிற்சாலை என்ற தனிப் பகுதியை அமைத்து, அங்கே நகரும் பட்டி வரிசையை விட்டுவிட்டு, தனித்தனி வேலைக்கூடங்களுக்கு இடையே தானியங்கி வண்டிகள் உடலைச் சுமந்து போகும்படி செய்தார்கள். பட்டி இல்லாத இடத்தில் பட்டியின் அகலமும் இல்லை. முன்பாதி சிறிய யாரிஸின் அடித்தளத்திலும், பின்பாதி அதைவிடப் பெரிய கொரொல்லா வகை அடித்தளத்திலும் அமைந்த மூன்று கதவு உடல் அங்கே உருவாகிறது. 1695 க்கும் 1805 க்கும் இடையிலுள்ள 110 மில்லிமீற்றரை ஒரு சாதாரண யாரிஸ் வரிசை விழுங்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

எத்தனை கார் செய்தார்கள் என்று கேளுங்கள்

போட்டி விதிகளும் இந்தக் கணக்கில் நுழைகின்றன. 1980களின் குரூப் ஏ என்ற பந்தய வகுப்பின் விதிப்படி, ஒரு காரைப் பந்தயத்தில் இறக்க வேண்டுமானால் அதைப் போன்ற 5000 கார்களை 12 மாதத்துக்குள் செய்திருக்க வேண்டும். 1993 இல் அது 2500 ஆகக் குறைந்தது. பந்தயக் காரின் மட்கார்டைத் தனியாக அகட்ட விதி இடம் தராததால், பந்தயத்துக்கு வேண்டிய அகலத்தைக் கடையில் விற்கும் காரிலேயே வைத்துவிட வேண்டும். ஈ 30 எம் 3 இன் பெட்டி போன்ற வளைவுகள் பிறந்தது இதனால்தான். குரூப் பி யில் 200 கார்களே போதும் என்பதால் அங்கே தனி அச்சு பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கையால் ஒட்டிச் செய்தார்கள். 5000 என்பதோ இரண்டுங்கெட்டான் எண்: கையால் செய்ய அதிகம், அச்சுக்குக் குறைவு. அந்தக் காலத்துக் கார்களின் பக்கங்களை உற்றுப் பார்ப்பது எனக்குச் சலிக்காததற்கு அந்த இரண்டுங்கெட்டான் நிலையே காரணம்.

எதிர்ப் பக்கத்தில் போர்ஷே 911 நிற்கிறது. முந்தைய 991 தலைமுறையில் சாதாரண கரேரா 1808, நான்கு சில்லு ஓட்டமுள்ளது 1852 என்று இரண்டு பின்னுடல்களைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தார்கள். 2019 இல் விற்பனைக்கு வந்த 992 இல் குறுகிய உடலைக் கைவிட்டு, கரேரா முழுவதற்கும் 1852 என்று வைத்தார்கள். டேர்போ மட்டும் 1900. இரண்டு வகைத் தகட்டை வெட்டி அடுக்கி வரிசைப்படுத்துவதைவிட எல்லாரையும் அகலமாக்குவது இலேசு என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். அகலக் கார் வேண்டாம் என்றவருக்கும் அகலக் கார்தான்.

திருத்த வேலைக்கு முன்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 இல்தான் கதவு திறந்தது. அதனால் நம்மிடம் உள்ள பழைய கார்கள் இடிபட்டால் ஹாப் கட்டிலிருந்து, அதாவது பாதியாக வெட்டி இறக்கிய பழைய காரிலிருந்து, தகடு வெட்டி ஒட்டித்தான் காலம் ஓடியது. இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. அகன்ற காருக்குப் பின்பக்கத் தகடு தேடும்போது சாதாரண வகையின் தகடு மலிவாகக் கிடைக்கும். கண்ணாடி விளிம்பும் டிக்கி விளிம்பும் பொருந்துவதுபோலவே இருக்கும். வளைவில் மட்டும் 30 அல்லது 40 மில்லிமீற்றர் குறையும், அதைப் பூச்சால் நிரப்பச் சொல்வார்கள். நிரப்பினால் மாரி மழையில் ஈரம் உள்ளே தங்கி, இரண்டு வருடத்தில் துரு வெளியே வரும். கடற்கரையோரம் நிற்கும் காருக்கு இரண்டு வருடமும் அதிகம்.

ஆகவே காரைக் கராஜில் விடும் அன்றே, கழற்றத் தொடங்கும் முன், சேதமடையாத பக்கத்தில் தூக்குக்குண்டு பிடியுங்கள். காரின் நடுக்கோட்டை, முன் பின் பம்பர்களின் நடுப்புள்ளிகளைத் தரையில் குறித்து நூல் இழுத்துக் கண்டுகொண்டு, அதிலிருந்து முன் வளைவுக்கும், கதவுக்கும், பின் வளைவுக்கும் உள்ள தூரத்தை எடுங்கள். பம்பர் இடிபட்டு விலகியிருந்தால் முன் பின் கண்ணாடிகளின் நடுவை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று எண்களையும் டிக்கி மூடியின் உட்பக்கத்தில் அழியாத மையால் எழுதி, பாஸுக்கும் காட்டிவிடுங்கள். வேலை முடிந்து கார் வரும் நாளில், வர்ணத்தின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன், திருத்திய பக்கத்தில் அதே மூன்று தூரங்களையும் அளந்து பார்த்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.